ஆனேக்கல் – தளி சுற்று: இருவருக்கு இரண்டு நாள்

இங்கிலாந்திலேயே உயரமான சிகரம் ஸ்காஃபெல் பைக். அதன் உயரம் 978 மீட்டர். ஆனேக்கல் பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்பவர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் நிற்கிறார். அங்கே மலையேறிகள் மூச்சு வாங்க ஏறித் தொடும் உயரத்துக்குச் சற்றுக் கீழே, இங்கே ராகி விளைகிறது, அவரை பூக்கிறது, பட்டுத்தறி ஓடுகிறது. சேலமும் வேலூரும் வெந்துகொண்டிருக்கும் ஏப்ரலில்கூட இங்கே விடியற்காலைக் காற்று இதமாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும் காலைகள் உண்டு. அப்போது பனிமூட்டத்தில் ஏரிக்கரையில் நடப்பவருக்குப் பத்தடி தள்ளி வரும் மாட்டின் கழுத்துமணி முதலில் கேட்கும், மாடு பிறகுதான் தெரியும்.

கர்நாடகத்து ஆனேக்கலிலிருந்து மாநில எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டில் இருக்கும் தளிக்கு வெள்ளைக்காரர்கள் ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பெயர் வைத்தார்கள். ஏறி இறங்கும் பச்சை நிலமும், பனிமூட்டமும், குளிரும் அவர்களுக்குச் சொந்த ஊரை நினைவூட்டின. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட், ஓசூரில் ஒரு மாளிகை கட்டினார். இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் இருக்கும் கெனில்வொர்த் கோட்டையை மனத்தில் வைத்துக் கட்டிய மாளிகை அது. பின்னாளில் பாழடைந்துபோனது. ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கம் இப்படிக் கல்லாகவும் பெயராகவும் இந்த மேட்டு நிலத்தில் தங்கியிருக்கிறது.

பிரிட்டனின் கிராமப்புறத்தில் விடுமுறை கழிக்கும் தம்பதிகளின் முறை எளிமையானது. ஒரு ஊரில் தங்குவார்கள். காலையில் சிறு சாலைகளில் இருபது முப்பது கிலோமீட்டர் காரில் போவார்கள். ஓரிடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் நடப்பார்கள். பசித்தால் ஊர்க்கடையில் சாப்பாடு. மறுபடியும் கொஞ்சம் கார், மறுபடியும் கொஞ்சம் நடை. இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. பெங்களூரிலிருந்து 36 கிலோமீட்டரில் ஆனேக்கல் இருக்கிறது. அங்கிருந்து தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, மத்திகிரி, ஓசூர் என்று ஒரு வட்டம் அடித்து இரண்டு நாளில் திரும்பிவிடலாம். ஏரிக்கரையும் ராகி வயலும் கணவன் மனைவி இருவரும் பேசிக்கொண்டே நடக்க ஏற்ற இடங்கள். காடு அப்படியல்ல. அது யானைக்குரிய இடம். இந்தப் பயணத்தின் திட்டம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

எந்தப் பாதையில் நடக்கலாம்?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளின் மொத்த நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். தனியார் வயலின் நடுவே போனாலும் அது பொதுப்பாதைதான். வேலிக்கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவருக்கு, நீல அம்புக்குறி என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. 20 ஆண்டுகள் தடையில்லாமல் மக்கள் நடந்த தடம், பொதுப்பாதையாகவே கருதப்படும் என்று சட்டம் சொல்கிறது. இது சும்மா கிடைத்த உரிமை இல்லை. 1932-ல் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில், நிலக்கிழார்களின் காவலாட்களை மீறி நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் கூட்டமாக நடந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கும் நடைபாதைகளுக்குமான சட்டம் 1949-ல் வந்தது.

ஆனேக்கல் பக்கம் அம்புக்குறி கிடையாது. ஆனால் பாதை இருக்கிறது, பதிவேட்டிலும் இருக்கிறது. கர்நாடக வருவாய்த் துறையின் கிராம வரைபடங்களில் ‘காலுதாரி’ என்றும் ‘பண்டிதாரி’ என்றும் குறித்திருப்பார்கள். முன்னது ஒற்றையடிப் பாதை, பின்னது வண்டிப்பாதை. அந்த மாநிலத்தின் நில அளவைத் துறை இணையதளத்தில் இந்த வரைபடங்களைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ‘திஷாங்க்’ என்ற செயலியை கைபேசியில் போட்டுக்கொண்டால், நிற்கிற இடத்தின் சர்வே எண்ணையும் அது காட்டும். தனியார் தோட்டத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டோமோ என்ற குழப்பம் வரும்போது இது பெரிய உதவி. தமிழ்நாட்டுப் பக்கம் நிலத்தின் எல்லையைப் பார்க்கப் புலப்படம் இருக்கிறது.

வரைபடத்தைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. மேய்ச்சலுக்கு மாடு ஓட்டிப் போகிறவரிடம் கேட்பது. இந்த வட்டாரத்தில் கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்குகின்றன. ஓசூர்ப் பக்கத்துத் தமிழில் தெலுங்கு வாடை இருக்கும், ஆனேக்கல் தமிழில் கன்னட வாடை. “அண்ணா, கெரேகே தாரி யாவுது?” என்று தொடங்கினால், ஏரிக்கு வழி எது என்று கேட்டதாக ஆகும். பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். கூடவே இன்னொரு வாக்கியத்தையும் மனப்பாடம் செய்துகொள்வது அவசியம்: “ஆனே பந்திதெயா?” யானை வந்திருக்கிறதா என்று பொருள். ஊருக்குள் எந்தப் பக்கம் நடக்கப் போவதாக இருந்தாலும், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இந்தக் கேள்வியைக் கேட்காமல் காரை விட்டு இறங்கக் கூடாது.

ஊரின் பெயரிலேயே யானை இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனே என்றால் யானை, கல்லு என்றால் கல். ஆனால் பழைய கன்னடத்தில் ஆனேகல்லு என்றால் ஆலங்கட்டி. வானத்திலிருந்து விழும் பனிக்கட்டி மழைக்கும் இந்த ஊருக்கும் பெயர் ஒன்றுதான். எந்தப் பொருளில் ஊருக்குப் பெயர் வைத்தார்களோ, இரண்டும் இங்கே உண்மை.

போய்ச் சேர்வது, தங்குவது

காரில் வருவோருக்கு இரண்டு வழி. ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தைத் தாண்டி சந்தாபுராவில் வலப்பக்கம் திரும்பினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பன்னேர்கட்டா, ஜிகணி வழியாகவும் வரலாம். இந்த வழியில் கிரானைட் லாரிகள் அதிகம். முதல் வழியே மேல், அதுவும் காலை ஏழு மணிக்குள் சந்தாபுராவைக் கடந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு தொழிற்சாலைப் பேருந்துகள் சாலையை அடைத்துக்கொள்ளும்.

கார் இல்லாதவர்களுக்கு 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் தடம் இருக்கிறது. ஆர்.வி. ரோட்டில் ஏறி, கடைசி நிறுத்தமான பொம்மசந்திராவில் இறங்கினால் ஆனேக்கல் தாலுகாவுக்குள்ளேயே வந்தாயிற்று. மீதி தூரத்துக்குப் பேருந்து. சேலம், தருமபுரியிலிருந்து வருகிறவர்கள் ஓசூரில் இறங்குவது வசதி. ஆனேக்கல் ரோடு என்று ஒரு ரயில் நிலையம் அந்தத் தடத்தில் உண்டு, ஆனால் ஊருக்கும் அதற்கும் நல்ல தூரம்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சுற்றில் மாநில எல்லையை இரண்டு முறை கடக்கிறோம். மஞ்சள் பலகை வண்டி என்றால் அடுத்த மாநிலத்துக்கான அனுமதியும் வரியும் கட்டியாயிற்றா என்று கிளம்பும் முன்பே கேட்டு, ரசீதை கையில் வைத்துக்கொள்வது நல்லது. தங்குவதற்கு ஓசூரில் எல்லா விலையிலும் அறை கிடைக்கும். ஆனேக்கலில் குறைவு, தளியில் மிகக் குறைவு. கணவன் மனைவி இருவரும் ஆளுக்கொரு அடையாள அட்டை எடுத்துச் செல்லட்டும். ஒருவருடையது போதும் என்று நினைத்துப் போய், இரவு ஒன்பது மணிக்கு விடுதி வரவேற்பில் நின்று வாதாடுவது விடுமுறைக்கு அழகல்ல.

முதல் நாள்: ஊரும் மடுவும்

காலை ஆறரைக்கு ஆனேக்கல் ஊருக்குள்ளேயே முதல் நடை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுகட்டூர் பாளையக்காரர் குடும்பத்தின் ஒரு கிளை இங்கே கோட்டை கட்டி ஊரை வளர்த்தது. பிறகு ஹைதர் அலி கைக்குப் போனது. 1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது, ஆனேக்கல் மைசூர் அரசரிடம் தங்கியது. இன்றைக்கு தளிக்குப் போகும் வழியில் தாண்டுகிற எல்லைக்கோட்டின் கதை அங்கே தொடங்குகிறது.

தெருக்களில் காது கொடுத்து நடந்தால் தறிச் சத்தம் கேட்கும். பட்டு நெசவு இந்த ஊரின் பழைய தொழில். தேவாங்கர் சமூகத்தார் வழிவழியாகச் செய்துவந்தது, இப்போது பெரும்பாலும் விசைத்தறி. வாசலில் நின்று மரியாதையாகக் கேட்டால் உள்ளே கூப்பிட்டுக் காட்டுவார்கள். கேட்காமல் ஜன்னல் வழியே படம் எடுப்பது வேண்டாம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வந்தால் கரகத் திருவிழா. திரௌபதியை வழிபடும் திகளர் சமூகத்தாரின் விழா அது. கன்னடத்தில் திகளர் என்ற சொல்லே தமிழரைக் குறித்துப் பிறந்தது. பூவும் காய்கறியும் பயிரிட்டு இந்த வட்டாரத்துச் சந்தைகளை வளர்த்தவர்கள் அவர்கள். பங்குனி வாக்கில் தாலுகாவின் ஹுஸ்கூரில் மத்தூரம்மா திருவிழா நடக்கும். சுற்றுவட்டக் கிராமங்கள் நூறடிக்கும் மேல் உயரமான தேர்களைக் கட்டி, வயல்வெளி வழியாக மாடுகளையும் டிராக்டர்களையும் பூட்டி இழுத்து வருவார்கள். 2024-லும் 2025-லும் தேர்கள் சாய்ந்தன. 2025-ல் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. பார்க்கப் போகிறவர்கள் தேர் உயரத்தைவிட அதிக தூரத்தில், காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறம் நிற்க வேண்டும். வடம் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கும் ஆசையை விட்டுவிடட்டும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு முத்யாலமடுவு. ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். முத்து போலத் தெறிக்கும் அருவி என்பதால் இந்தப் பெயர். உயரம் சுமார் 300 அடி என்பார்கள். பலர் மே மாதம் வந்து வெறும் பாறையைப் பார்த்து ஏமாந்து திரும்புகிறார்கள். இது மழையை நம்பிய அருவி. நல்ல மழை பெய்த ஆண்டில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பார்க்க வேண்டும். மேலே கர்நாடகச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் உணவகம் இருக்கிறது, காரை அங்கே நிறுத்தலாம். படிகளில் இறங்கும் முன் கையில் இருக்கும் பிளாஸ்டிக் பை, பிஸ்கட் பொட்டலம் எல்லாவற்றையும் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். அங்குள்ள குரங்குகளுக்கு பையின் சரசரப்பு போதும்.

இறங்கி ஏற எவ்வளவு நேரம் ஆகும்? வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் மலைநடைக்கு ஒரு கணக்கு சொன்னார். சமதளத்தில் மணிக்கு மூன்று மைல், அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அந்தக் கணக்குப்படி 300 அடி ஏற்றத்துக்கு ஒன்பது நிமிடம் கூட்டினால் போதும். அது ஸ்காட்லாந்தின் குளிருக்கும் பழகிய கால்களுக்கும் போட்ட கணக்கு. இங்கே பதினொரு மணி வெயிலில், நீண்ட நாள் நடக்காத ஒருவர் அதை மும்மடங்காக வைத்துக்கொள்வதே சரி. இருவரில் மெதுவாக நடப்பவர் முன்னால் ஏறட்டும். வேகமானவர் முன்னே போய் மேலே காத்திருந்தால், பின்னால் வருபவர் வந்து சேர்ந்ததும் அவர் மறுபடி கிளம்பிவிடுவார். ஓய்வு கிடைக்க வேண்டியவருக்கு ஓய்வே கிடைக்காது. பாறை வழுக்கும் காலத்தில் அருவியின் அடிக்கே போக வேண்டாம், நடுவழியில் நின்று பார்த்தாலே அழகு.

இந்தப் பக்கத்தின் உண்மையான நடைக்களம் ஏரிகள்தான். ஒரு ஏரியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் கரை முழுவதும் நடப்பது, பத்து இடங்களை காரில் போய்ப் பார்ப்பதைவிட நிறைவானது. கரை என்பது மனிதர்கள் மண்கூடை சுமந்து எழுப்பிய மேடு. தண்ணீர்ப் பக்கச் சரிவில் அலை அரிக்காமல் கல் பதித்திருப்பார்கள். நடுவில் மதகு. இந்த ஊர்ப் பேச்சில் தூபு. இரண்டு கல்தூண்களுக்குக் குறுக்கே கிடக்கும் பட்டியக் கல்லில் துளை இருக்கும். அடைப்பைத் தூக்கி இறக்கும் கழி அதன் வழியாகத்தான் போகும். நூற்றாண்டுகளாகக் கழி உரசி, துளையின் விளிம்பு கண்ணாடிபோல் வழவழப்பாகியிருப்பதைத் தொட்டுப் பார்க்கலாம். கரையின் கடைசியில் மிகைநீர் வழியும் கோடி. மழை நன்றாகப் பெய்து ஏரி நிரம்பினால் “கெரே கோடி பித்து” என்று ஊரே சொல்லிச் சந்தோஷப்படும். அன்றைக்குப் பெண்கள் தட்டில் பூவும் மஞ்சளும் எடுத்துப்போய் ஏரிக்குப் பூசை செய்வார்கள். மறுபக்கம் ஆயக்கட்டு வயல், தென்னை, பாக்கு. முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் காலை எட்டு மணிக்குள் கண்ணில் பட்டுவிடும். இரண்டு பேர் பக்கம் பக்கமாக நடக்கும் அளவுக்குக் கரை அகலமாக இருக்கும். ஒற்றையடிப் பாதையில் முன்னும் பின்னுமாக நடந்தால் பேச்சு வளராது.

ஜிகணி, பொம்மசந்திரா போன்ற தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஏரிகளைத் தவிர்க்கலாம். நுரையும் நாற்றமும் மனத்தைக் கெடுக்கும். ஊரைச் சுற்றி இருக்கும் கைவிட்ட கல்குவாரிக் குட்டைகளில் இறங்குவது கூடவே கூடாது. நீலமாக, அமைதியாக, குளிக்க அழைப்பதுபோல் இருக்கும். கரையிலிருந்து ஒரே அடியில் ஆள் மூழ்கும் ஆழம். விளிம்பில் பிடித்து ஏற ஒரு பிடிமானமும் கிடையாது.

மதியம் ராகி முத்தே, நம் ஊர்க் களி. உருண்டையைக் கிள்ளி, சாற்றில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் தெரியாது. கீரைச் சாறோ ஆட்டுக்கறிச் சாறோ துணைக்கு வரும். டிசம்பர், ஜனவரியில் வந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவரைக்காய் காலம். முற்றிய அவரைக் கொட்டையை இரவு ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் விரலில் தங்க, பருப்பு தெறித்துப் பாத்திரத்தில் விழும். ஒரு வீட்டுக் குழம்புக்கு ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பிதுக்க வேண்டும். கன்னடத்தில் ஹிதகித பேளெ, ஓசூர்த் தமிழில் பிதுக்கம் பருப்பு. இந்தக் குழம்பைச் சாப்பிட்ட பிறகு மத்தியான நடையைத் தள்ளிப்போடலாம், தவறில்லை.

யானையின் வழி

ஆனேக்கலின் மேற்கே பன்னேர்கட்டா தேசியப் பூங்கா தொடங்குகிறது. 1974-ல் தேசியப் பூங்காவானது, இன்றைய பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். தெற்கே தளி, ஜவளகிரிக் காடுகள். அதற்கும் தெற்கே 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம், 504 சதுர கிலோமீட்டர். நமக்குத்தான் இது இரண்டு மாநிலம், மூன்று பெயர். யானைக்கு ஒரே காடு. ராகி முற்றும் அக்டோபர் வாக்கில் பன்னேர்கட்டாவிலிருந்து கூட்டங்கள் கிளம்பி ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வரும். அறுவடை முடிந்து சில வாரங்கள் கழித்துத் திரும்பும்.

வயலில் உயரமான மரக்கிளையிலோ கம்பு நட்ட மேடையிலோ ஒரு பரண் தெரியும். தென்னங்கீற்றோ தார்ப்பாயோ கூரை. மாலை ஆறு மணிக்கு ஒரு கம்பளி, ஒரு டார்ச், தீப்பெட்டி, கொஞ்சம் பட்டாசு எடுத்துக்கொண்டு விவசாயி ஏறுவார். காலையில்தான் இறங்குவார். நான்கு மாத உழைப்பை ஒரு கூட்டம் ஒரு இரவில் மேய்ந்துவிடும். அதனால்தான் அகழி, சூரிய மின்வேலி, பழைய தண்டவாளத்தில் கட்டிய தடுப்பு எல்லாம். வயலைச் சுற்றிக் கம்பி தெரிந்தால் தொடக் கூடாது, குனிந்து நுழையவும் கூடாது. பகலில் மின்சாரம் இருக்காது என்பது வெறும் ஊகம்தான்.

தட்டெகெரே ஏரி இந்தப் பக்கத்தில் மிக அழகான இடங்களில் ஒன்று. காட்டோரம், கரையில் மாதேஸ்வரர் கோயில். யானைகள் தண்ணீர் குடிக்க வரும் ஏரியும் அதுதான். காலை ஒன்பதுக்குப் பிறகு போய், கோயிலருகே நின்று பார்த்துவிட்டு, மதியம் மூன்றுக்குள் திரும்பிவிடுவது முறை. அங்கிருந்து ராகிஹள்ளி, ஹாரோஹள்ளிப் பக்கம் போகும் சாலை காட்டை ஊடுருவிப் போகிறது. நடக்கவே வேண்டாம். காரிலும் பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம்.

சாலையில் யானை நின்றால்: கார் நின்றபடி இருக்கட்டும், குறைந்தது நூறு மீட்டர் தள்ளி. ஹாரன் கூடாது, விளக்கை அணைத்து அணைத்துப் போடக் கூடாது, கண்ணாடியை இறக்கி கைபேசியை நீட்டக் கூடாது. அது நகரும்வரை காத்திருக்க வேண்டும். நம் பக்கம் திரும்பி வந்தால் மெதுவாகப் பின்னே எடுக்க வேண்டும். குட்டி தெரிந்தால் தாய் பக்கத்தில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

காட்டுக்குள்தான் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு முறையான வழி இருக்கிறது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தில் 40 தடங்களைத் திறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குத்திராயன் மலைத் தடம் அதில் உண்டு. இணையத்தில் பதிந்தால் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். பெரும்பாலும் பழங்குடி இளைஞர்கள். கோடைக் காட்டுத்தீக் காலத்தில் தடங்களை மூடுவார்கள் என்பதால் முன்பே பார்த்துப் பதிய வேண்டும். பன்னேர்கட்டா உயிரியல் பூங்காவையும் சேர்த்துப் பார்க்க நினைப்போர் கவனிக்க: செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இரண்டாம் நாள்: தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை

காலை ஏழு மணிக்கு ஆனேக்கலிலிருந்து தளிச் சாலை. சற்று நேரத்தில் கடைப்பலகையின் எழுத்து கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறும். நிலம் மாறாது. நவம்பர், டிசம்பரில் இந்தச் சாலையில் கார் ஓட்டுபவருக்கு ஒரு அனுபவம் காத்திருக்கிறது. தார்ச்சாலையின் பாதி அகலத்துக்கு ராகித் தாளையோ கொள்ளுச் செடியையோ பரப்பி வைத்திருப்பார்கள். போகிற வண்டிச் சக்கரங்கள் கதிரடிக்கும். ஓரத்தில் ஒரு அம்மாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு வண்டிக்கு நடுவில் கிடைக்கும் நேரத்தில் கவைக்கம்பால் தாளைப் புரட்டிவிடுவார். இன்னொருவர் முறத்தில் தூற்றுவார், தூசி மேற்கே பறக்கும். அந்தக் குவியல் மேல் ஏறும்போது பிரேக் போட்டால் கார் வழுக்கும். மெதுவாக, ஒரே வேகத்தில் தாண்ட வேண்டும். நீளமான தாள் வண்டியின் அடியில் சுற்றிக்கொண்டால் சூடான சைலன்சரில் பட்டுத் தீப்பிடிக்கவும் கூடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, குனிந்து பார்த்து இழுத்துப் போட்டுவிட்டுப் போவது நல்ல பழக்கம். இரு சக்கர வண்டியில் வரும் தம்பதிகள் பரப்பாத பாதியில்தான் போக வேண்டும்.

தளியில் ஏரிக்கரை நடை, ஒரு மணி நேரம். சுற்றிலும் பசுமைக்குடில்கள், வெள்ளை பாலித்தீன் கூரைக்குள் ரோஜா. ‘தாஜ்மகால்’ என்ற சிவப்பு ரோஜா இந்த வட்டாரத்திலிருந்து பிப்ரவரி 14-க்காக வெளிநாடுகளுக்கும் போகிறது. கொய்மலர் சாகுபடிக்காக இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைத்த சிறப்பு மையமும் தளியில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்ததற்குக் காரணமான அதே குளிரும் உயரமும்தான் இன்றைக்கு ரோஜாவுக்குச் சோறு போடுகின்றன. மே மாதத்தில் வந்து லிட்டில் இங்கிலாந்து எங்கே என்று தேடினால் கிடைக்காது. ஜூலை சாரலிலோ டிசம்பர் காலையிலோ வந்தால் தேட வேண்டியதில்லை.

வண்டியையும் நடையையும் சேர்த்துத் திட்டமிடும்போது எல்லோரும் சிக்குவது ஒரே இடத்தில். நடந்து போன தூரத்தை காருக்காகத் திரும்ப நடக்க வேண்டும். இதற்குப் பேருந்துதான் தீர்வு. நடை முடியப்போகிற ஊரில் காரை நிறுத்திவிட்டு, டவுன் பஸ் ஏறி ஐந்தாறு கிலோமீட்டர் பின்னே போய் இறங்கி, அங்கிருந்து கார் இருக்கும் திசையில் நடந்து வர வேண்டும். களைத்துப்போகும்போது கார் எதிரே இருக்கும். ஓசூர்–தளி சாலையில் இதற்குப் போதுமான பேருந்துகள் ஓடுகின்றன. காலையில் கடைசி நிறுத்தத்து டீக்கடையில் நேரம் கேட்டுவைத்தால் போதும். நீளத்தில் பேராசை வேண்டாம். நின்று பார்த்து, பேசி, படம் எடுத்து நடக்கும் தம்பதி மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் கடப்பார்கள்.

தளியிலிருந்து ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை. இது காட்டுச்சாலை, இறங்காமல் ஓட்டிப்போக வேண்டியது. பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் கடப்பது நல்லது. தேன்கனிக்கோட்டையில் பேட்டராய சுவாமி கோயில். வேட்டைக்கு வந்த கோலத்தில் பெருமாள். கன்னடத்து ‘பேட்டெ’யும் நம் ‘வேட்டை’யும் ஒரே சொல். தெற்கே எழும் மலைக்கு பெட்டமுகிலாளம் என்று பெயர். பெட்ட என்றால் மலை என்று கன்னடக்காரர் சொல்வார், முகில் என்றால் என்ன என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மொழியும் அகராதியைப் பாதிப் பாதியாகக் கொடுத்து வைத்த பெயர்.

கழிப்பறை இந்தப் பாதையில் பெரிய பிரச்சினை, பெண்களுக்கு இன்னும் கூடுதலாக. ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை மூன்று இடத்திலும் பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டால் தேவை இல்லாவிட்டாலும் நிறுத்திக்கொள்வது விவேகம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கால் சட்டை, பிடிப்புள்ள செருப்போ ஷூவோ. குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு துணிப்பை. இவ்வளவு போதும்.

திரும்பும் வழி மத்திகிரி. சாலையோரம் நெடுந்தூரம் வேலியும் மேய்ச்சல் நிலமுமாக வருவது அரசு கால்நடைப் பண்ணை. 1824-ல் கம்பெனிப் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம் அது. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. சாலையிலிருந்தே அந்தத் திறந்த புல்வெளியைப் பார்க்கலாம். நேரம் இருப்பவர்கள் ஓசூருக்கு அருகே தொரப்பள்ளிக்கும் போய் வரலாம். 1878 டிசம்பர் 10-ல் ராஜாஜி பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது.

ஞாயிறு மாலை என்றால் நேராக பெங்களூர் கிளம்ப வேண்டாம். அத்திப்பள்ளி சுங்கச்சாவடிக்கு முன் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஓசூர்ச் சந்தையில் ஒரு கட்டு ரோஜாவும் அவரைக்காய் காலமென்றால் இரண்டு கிலோ காயும் வாங்கி வைத்துக்கொண்டு, சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைக்கு ஏறலாம். மேலே வரை காரும் போகும், ஆனால் கடைசி நடையை இங்கே வைத்துக்கொள்வது நல்லது. பாறையின் வெதுவெதுப்பு கால் வழியே தெரியும். தென்மேற்கே தளிக் காடு கறுத்துக்கொண்டு வர, கீழே ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறும். அந்த நேரத்துக்கு ஜவளகிரிப் பக்கம் பரணில் ஆள் ஏறியிருப்பார். எட்டரை மணிக்கு இறங்கினால் சாலை ஓரளவு காலியாக இருக்கும்.